ஏழு நாள் தாள்

ஒரே ஒரு தாள்தான். இடப்பக்க ஓரத்தில் வாரத்தின் ஏழு நாட்கள் வரிசையாக இருக்கும். மேலே சில தலைப்புகள்: துக்கம், கோபம், வெட்கம், பயம், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றிய உந்துதல். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை ஓர் இலக்கம் போட வேண்டும். அந்த உந்துதலைத் தாண்டிவரக் கற்ற வழிகளில் எதை எந்த நாள் செய்து பார்த்தோம் என்று இன்னொரு பக்கத்தில் வட்டமிட வேண்டும். வாரம் ஒருமுறை சிகிச்சையாளர் முன் உட்கார்ந்ததும் அவர் முதலில் கேட்டு வாங்குவது இந்தத் தாளைத்தான். அதில் உயிருக்கு ஆபத்தான நாள் ஒன்று இருந்தால், மற்றதெல்லாம் ஒதுங்கிக்கொள்ள, பேச்சு அந்த நாளிலிருந்து தொடங்கும்.

எல்லைநிலை ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்கென்று பிறந்த தாள் இது. கைவிடப்பட்டுவிடுவோம் என்ற ஓயாத அச்சம், காலையில் தெய்வமாகத் தெரிந்த மனிதர் மாலையில் துரோகியாகத் தெரிவது, உள்ளே எதுவுமே இல்லை என்ற வெறுமை, அந்த வேதனையை அடக்கத் தன் உடம்பையே வருத்திக்கொள்வது என்று பல முகங்கள் கொண்ட நோய். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980 இல்தான் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. நம் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் இதே துன்பத்துக்கு ‘ரோசக்காரி’, ‘நடிக்கிறா’, ‘பேய்க் குணம்’ என்ற பெயர்கள்தான் கிடைக்கின்றன. ஆஸ்பத்திரிகளிலும் இவர்களைத் தொல்லை கொடுக்கும் நோயாளிகள் என்று ஒதுக்குவது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. அது பெரிய அநியாயம்.

தாளை உருவாக்கிய மார்ஷா லைனஹான் அந்த அநியாயத்தை உடம்பால் அறிந்தவர். 1961 இல், 17 வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரத்து மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பின்னாளில் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, இயங்கியல் நடத்தைச் சிகிச்சை என்ற முறையை வகுத்தார். தானும் ஒருகாலத்தில் அந்தக் கட்டிலில் கிடந்தவள் என்பதை 2011 இல்தான் வெளியில் சொன்னார்.

1991 இல் அவருடைய முதல் பெரிய சோதனையின் முடிவுகள் வந்தன. 44 பெண்கள், ஓர் ஆண்டு. ஒரு பகுதியினருக்கு இந்தச் சிகிச்சை, மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. புதிய சிகிச்சை பெற்றவர்கள் அந்த ஆண்டில் மனநல வார்டில் கழித்தது சராசரியாக 8 நாள் அளவில். மற்றவர்களுக்கு அது 39 நாள் அளவில். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்தது, சிகிச்சையைப் பாதியில் விடுவதும் குறைந்தது. ஆனால் மனச்சோர்விலும் நம்பிக்கையின்மையிலும் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. அதையும் அவர் ஒளிக்காமல் எழுதினார். 1993 இல் கையேடு அச்சானதும் தாளுக்குக் கால் முளைத்தது.

அடுத்து அது தங்கி நின்ற ஊர் கனடாவின் டொரொண்டோ. ஷெல்லி மக்மெய்ன் குழுவினர் 180 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப்பேருக்கு லைனஹானின் முழுமையான சிகிச்சை. மீதிப்பேருக்கு, இந்த நோயை நன்கு அறிந்த மருத்துவர்கள் ஒழுங்காகப் பார்த்து, ஒழுங்காகப் பேசும் பொதுவான மனநலக் கவனிப்பு. ஓராண்டு முடிவில் இரு பக்கமும் ஏறத்தாழ சமமாக முன்னேறியிருந்தன. 2009 இல் வெளிவந்த இந்த முடிவு தாளைத் தாழ்த்தியதாக நான் நினைக்கவில்லை. எங்கள் தோட்டங்களைப் போன்ற இடங்களுக்கு அது ஒரு கதவைத் திறந்தது.

2022 இல் மெல்பனிலிருந்து வந்த முடிவு கதவை இன்னும் அகலமாக்கியது. 15 முதல் 25 வயதுவரையான 139 பேரிடம் ஆண்ட்ரூ சானென் குழுவினர் மூன்று விதமான கவனிப்பை ஒப்பிட்டார்கள். தேர்ந்த உளச்சிகிச்சை பெற்றவர்களும், அதற்குப் பதிலாக ஒருவரோடு நட்பாகப் பேசும் வாய்ப்பை மட்டும் பெற்றவர்களும் அன்றாட வாழ்வில் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறினார்கள். இந்த நோய்க்கென்று அமைந்த குழுவிடம் போனவர்கள் மற்றவர்களைவிட ஒழுங்காக வந்துபோனார்கள், பாதியில் விட்டவர்களும் குறைவு. சிறப்புச் சேவையின் பலன் அங்கேதான் தெரிந்தது. நட்பாகப் பேசி உயிர் காக்கும் வேலையை இலங்கையில் சுமித்ரயோ தொண்டர்கள் 1974 முதல் செய்துவருகிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

நல்லதென்று தோன்றுவதை எண்ணிப் பார்க்காமல் நம்பக் கூடாது என்ற பாடத்தை நம் நாடும் கற்றிருக்கிறது. 1995 இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு லட்சம் பேருக்கு 47 என்ற அளவில் இருந்தது. கொடிய நச்சுள்ள பூச்சிகொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டதும், அடுத்த இருபது ஆண்டுகளில் அது 70 வீதம் அளவுக்குக் குறைந்தது. அதே நேரம், வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களை எடுத்துக்கொண்டு, பாதிக் கிராமங்களின் வீடுகளுக்குப் பூச்சிகொல்லியை வைத்துப் பூட்டப் பெட்டி கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2017 இல் வெளிவந்தது. பெட்டியால் வித்தியாசம் எதுவும் ஏற்படவில்லை. எல்லாருக்கும் சரியென்று பட்ட யோசனைதான். எண்ணிப் பார்த்ததால்தான் உண்மை தெரிந்தது.

இனித் தாள் நம் மலைநாட்டுப் பதுளைக்கு ஏற வேண்டும். 1924 இல் வந்து சேர்ந்த ரயில் பாதை பதுளையோடு முடிந்துவிடுகிறது. தாளின் கடினமான வழி அங்கிருந்துதான் தொடங்குகிறது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹப்புத்தளை, கொஸ்லந்தை என்று தோட்டங்கள் மலைமலையாகக் கிடக்கின்றன. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி வாராவாரம் பதுளைப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய ‘பேர்’, அதாவது வேலைநாள், இல்லை. நாட்சம்பளம் போய்விடும், பஸ் காசு வேறு. பாதி நாளில் திரும்பி வந்தாலும் அரைப்பேர்தான். சியாட்டில் முறை கேட்பதோ வாரம் ஒரு தனிச் சந்திப்பு, வாரம் ஒரு குழு வகுப்பு, இடையில் தொலைபேசி, அதுவும் ஓர் ஆண்டுக்கு. எந்தத் தோட்டக் குடும்பத்தாலும் இதைத் தாங்க முடியாது. டொரொண்டோவும் மெல்பனும் சொன்ன எளிய வழி இங்கேதான் பெறுமதியாகிறது. மாதம் ஒருமுறை பதுளை, இடையில் தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே ஒரே ஆள்: பயிற்சி பெற்ற மருத்துவமாதுவோ நலன்புரி உத்தியோகத்தரோ. ஆள் மாறக் கூடாது. கைவிடப்படுவோம் என்று நடுங்குகிறவளுக்கு மாதாமாதம் புது முகத்தைக் காட்டுவது மருந்தாகாது.

அடுத்தது மொழி. தன் வெறுமையை அவள் தமிழில் சொல்ல, பக்கத்திலிருப்பவர் அதைச் சிங்களத்தில் சுருக்கிச் சொல்ல, டாக்டர் குறிப்பெழுதும் சந்திப்பில் பாதி நோய் வழியிலேயே உதிர்ந்துவிடும். தாள் இங்கே கொஞ்சம் கைகொடுக்கும், ஏனென்றால் இலக்கத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. தான் பறித்த கொழுந்தின் கிலோவை நாள்தோறும் தராசில் பார்த்து மனதில் வைத்திருக்கிறவளுக்கு, இன்றைய துக்கம் நாலா ஐந்தா என்று சொல்வதும் அதைப் போலத்தான். எழுத்து வராதவர்கள் புள்ளி குத்தலாம்.

ஆனால் அந்தத் தாளை எங்கே வைப்பாள்? பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பராவில், மாமியாரும் புருஷனும் பிள்ளைகளும் இருக்கிற இடத்தில், ஒரு பெண்ணுக்கென்று தனி மூலை கிடையாது. ‘காயப்படுத்தும் உந்துதல்’ என்று அச்சடித்த தாள் குடிகாரக் கணவன் கையில் கிடைத்தால் அதுவே அடிக்குக் காரணமாகலாம். ஆகவே பதுளைக்கான தாளில் தலைப்புகளே வேண்டாம். வெறும் கட்டங்களும் புள்ளிகளும் போதும். எந்தக் கட்டம் எதற்கு என்பது அவளுக்கும் டிஸ்பென்சரியில் இருப்பவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். பின்பக்கத்து வழிகளையும் இந்த மலையிலிருந்தே எடுக்கலாம். கொதிக்கும் நேரத்தில் குளிர்ந்த நீரில் முகத்தை வைத்தால் இதயத் துடிப்பு தணியும் என்று லைனஹான் கற்பிக்கிறார். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். முகத்தைக் குளிர்விக்கத் தோட்டத்துப் பீலித் தண்ணீர் போதும்.

இந்த நோய் மாறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆய்வாளர் மேரி ஸனரினி 290 நோயாளிகளைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். அவர்களில் 93 வீதமானோருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது நோய்க்குறிகள் தணிந்து நின்றன. வேலையும் உறவும் சேர்ந்த முழு மீட்சி பாதிப்பேருக்குத்தான் கிடைத்தது. பிரட்டும் சம்பளமும் குடும்பமும் சிகிச்சைக்கு வெளியே நிற்கும் விஷயங்கள் அல்ல என்று நான் வற்புறுத்துவது அந்த மற்றப் பாதிக்காகத்தான்.

பதுளையில் இதைத் தொடங்குகிறவர்கள் முதல் மாதத்திலிருந்தே ஒரு கணக்குக் கொப்பி வைக்க வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், ஏன் நின்றார்கள், காயத்தோடு வார்டுக்குத் திரும்பியவர்கள் எத்தனை, ஒவ்வொருத்தியும் இழந்த பேர்கள் எத்தனை, தமிழில் பேச ஆள் இருந்த நாட்கள் எத்தனை. கட்டில்களின் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் சேவை பலன் தந்ததா என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. தாளின் அடியில் அச்சிட ஒரு தொலைபேசி இலக்கம் ஏற்கெனவே இருக்கிறது: தேசிய மனநல நிறுவகத்தின் 1926. இருபத்து நாலு மணி நேரமும் அழைக்கலாம். இரவு இரண்டு மணிக்கு மறுமுனையில் தமிழ் பேசுகிறவர் எடுக்கிறாரா என்பதற்கும் அந்தக் கொப்பியில் ஒரு வரி வேண்டும்.