துடைப்பமும் நோட்டும்

1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியபோது சேமிப்பும் உள்கடனும்தான் வேலை. பின்னால் வந்த எங்கள் குழு கல்யாண மண்டபம் கழுவும் வேலையும் எடுத்தது. ஐந்து பேர், ஒரு மண்டபம். வாயால் சொன்னாலே போதும். இன்னும் இரண்டு மண்டபம் சேர்ந்ததும் ஆள் கூடியது. ஒருநாள் புதிதாக வந்த அக்கா கக்கூஸில் பிளீச்சிங் பவுடர் போட்டு, மேலேயே ஆசிட்டையும் ஊற்றிட்டாங்க. குளோரின் வாயு கிளம்பி மூச்சே திணறிப்போச்சு. நல்லவேளை, வெளியே இழுத்து வந்து காப்பாற்றினோம். தப்பு அவங்க மேல இல்ல. சொல்லிக்கொடுக்காம அனுப்பின என் மேலதான்.

அன்றைக்கே நோட்டு போட்டோம்: யாருக்கு எந்த இடம், எத்தனை மணி, எந்த மருந்து, எவ்வளவு கூலி. புது ஆள் முதல் வாரம் பழைய ஆளோடுதான் போகணும். வேலை பெருகினால் துடைப்பம் மட்டும் போதாது சகோதரிகளே, நோட்டும் வேணும்.