அயலவர் வளர்த்த காப்பீடு

அரபு மொழியில் காப்பீட்டைத் ‘தஅமீன்’ என்பர். நம் இல்லங்களில் வழங்கும் ‘அமானத்’ என்னும் சொல்லும் அதுவும் ஒரே வேரில் பிறந்தவை. அச்சமகற்றல் அதன் உட்பொருள். சஊதி அரேபியாவில் மருத்துவத் தஅமீனின் வரலாற்றை நோக்குங்கால், அதனை வளர்த்தவர் பிழைக்கச் சென்ற அயலவரே என்பது புலனாகின்றது.

1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபின் பல நாட்டுத் தொழிலாளர் அங்குத் திரண்டனர். நம்மூர் இளைஞரும் சென்றனர். குடிமக்களுக்கு அரசு மருத்துவம் இலவசமாதலின் தனியார் காப்பீட்டை நாடுவோர் அரியர். காப்பீடு ஆகுமா என்ற வினாவும் உலமாக்களிடையே நின்றது. அறிஞர் முஸ்தஃபா அஸ்ஸர்கா வணிகக் காப்பீட்டையும் ஆகுமென்றார். 1978இல் மக்கா ஃபிக்ஹு மன்றமோ அதனை விலக்கி, ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ‘தஆவுன்’ முறையை ஏற்றது.

வாயில் திறந்தும் கூட்டம் வரவில்லை. கூட்டத்தைக் கொணர்ந்தது 1999ஆம் ஆண்டின் கூட்டுறவு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். அயலவர்க்குக் காப்பீடு கட்டாயம். அஃதின்றேல் ‘இகாமா’ இல்லை. கட்டணம் வேலை கொடுப்போர் பொறுப்பு என அது விதித்தது. 2004ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2 கோடியே 27 இலட்சம் மக்களுள் ஏறத்தாழ 61 இலட்சம் பேர் அயலவர். 2006 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிச் சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. நாளடைவில் அந்நாட்டுக் காப்பீட்டுத் தொழிலில் மருத்துவப் பிரிவே முதலிடம் பெற்றது.

இங்கு நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. நலமுள்ளோர் செலுத்தும் பணம் நோயுற்றோர்க்கு உதவுவதே தஆவுன். கடல் கடந்து செல்வோரோ பெரும்பாலும் இளைஞர், திடகாத்திரர்; மருத்துவரை நாடுவது குறைவு. அவர்கள் பெயரால் ஆண்டுதோறும் நிதி சேர்கின்றது. நோய் நாடும் முதுமையில் அவர்கள் அந்நிதிக்குப் புறம்பாகி விடுகின்றனர். இருபதாண்டு உழைத்து, சிறுநீரக நோயோடு திரும்பிய நம் பழைய மாணவர் ஒருவர், “இகாமா முடிந்த அன்றே காப்பீடும் முடிந்தது, உஸ்தாத்” என்றார். விடையளிக்க நம்மால் இயலவில்லை.

ஆகவே, பயணம் புறப்படும் பிள்ளைக்குக் காப்பீட்டுக் கட்டணம் தன் கூலியிற் பிடிக்கத் தக்கதன்று என்பதை உணர்த்துவோம். அவன் திரும்பி வருங்காலத்துக்கு மஹல்லா பைத்துல்மாலில் ஒரு மருத்துவ நிதியை இன்றே தொடங்குவோம். அவன் இளமையின் உழைப்பில் எழுந்த வீடுகளும் பள்ளிகளும் நம் ஊரில் நிற்கின்றன. அவன் முதுமை நம்மிடம் உள்ள அமானத்தாகும்.