இருண்ட மேகங்களைத் திறந்த ஏற்பி
விண்மீன்களுக்கு இடையிலுள்ள வெளியில் சிக்கலான மூலக்கூறுகள் உருவாகவோ நிலைக்கவோ முடியாது என்றே 1960களில் வானியலாளர் பலர் நம்பினார்கள். அதை உடைத்தது கோட்பாடு அல்ல, கருவிதான். 1968இல் இயற்பியலாளர் சார்லஸ் டவுன்ஸின் குழு கலிபோர்னியாவின் ஹாட் கிரீக்கில் வெறும் 20 அடி ரேடியோ ஆன்டெனாவில் விண்வெளி அம்மோனியாவின் சமிக்ஞையைப் பிடித்தது. 1970இல் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் பெல் ஆய்வகத்தில் உருவான ரேடியோ ஏற்பியை அரிசோனாவின் கிட் பீக்கில் 36 அடித் தொலைநோக்கியில் பொருத்தி ஓரியன் நெபுலாவின் பக்கம் திருப்ப, 2.6 மில்லிமீட்டர் அலைநீளத்தில் கார்பன் மோனாக்சைடு பளிச்சென்று பதிவானது.

1940லேயே விண்வெளியில் மூலக்கூறுகள் தெரிந்தனவே என்று கேட்கலாம். தெரிந்தன, ஆனால் பின்னாலிருந்து விண்மீன் ஒளி ஊடுருவும் மெலிந்த வாயுவில் மட்டும். அடர்ந்த மேகத்தில் தூசி அந்த ஒளியை விழுங்கிவிடும். அங்குள்ள குளிரில் ஹைட்ரஜன் மூலக்கூறோ வாயே திறக்காது. ஆகவே அங்கே ரேடியோ ஏற்பிதான் கைகொடுத்தது. கார்பன் மோனாக்சைடும் பெரும்பாலும் மேகத்தின் வெளிப்புறத்தைத்தான் காட்டுகிறது என்பது நியாயமான குறை. அதனால்தான் உள்கருவை அளக்க இன்றும் அம்மோனியாவிடம் போகிறார்கள்.