ஒற்றைத் தட்டு விருந்து

பண்டிகைச் சாப்பாடு என்பதே பத்துப் பேருக்காக ஏற்பட்டது. ஒருவருக்கு மட்டும் சமைக்க வேண்டுமென்று வந்துவிட்டால் கணக்கே பிடிபடாது. இந்தச் சங்கடம் அமெரிக்காவில் வருஷா வருஷம் நவம்பர் நான்காவது வியாழக்கிழமையன்று தவறாமல் வந்து சேருகிறது. அன்று அவர்களுடைய நன்றித் திருநாள். வீட்டுக்கு வீடு வான்கோழி வேகும். அதுவோ பதினைந்து இருபது ராத்தல் எடையுள்ள பிராணி. அடுப்புக்குள் நாலு மணி நேரம் இருந்தாக வேண்டும். தனி ஆள் ஒருவர் அதை வாங்கினால், கிறிஸ்துமஸ் வரையில் அதையே தின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்தத் திருநாள் நாடு முழுவதற்கும் பொதுவானதில் ஒரு நாவலாசிரியைக்குப் பெரும் பங்கு உண்டு. என் போன்றவர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். சாரா ஜோசபா ஹேல் என்பது அவர் பெயர். 1822-ல் கணவரை இழந்தவர், ஐந்து குழந்தைகள். 1827-ல் வெளிவந்த 'நார்த்வுட்' நாவலில் ஓர் அத்தியாயத்தை இந்த விருந்துக்கென்றே ஒதுக்கி, மேஜையின் தலைப்பக்கத்தில் வான்கோழியைக் கொலு வைத்தார். உறவெல்லாம் கூடி உட்காருகிற நீண்ட மேஜை அது. பிறகு பல வருஷங்கள் ஜனாதிபதிகளுக்கு விடாமல் கடிதம் எழுதினார். 1863-ல், உள்நாட்டு யுத்தத்தின் நடுவே, லிங்கன் அறிவிப்புச் செய்தார்.

அந்த நீண்ட மேஜை ஒரு சாண் தட்டாகச் சுருங்கியது தொண்ணூறு வருஷங்கள் கழித்து. நெப்ராஸ்கா மாகாணத்தில் ஒமாஹா நகரத்து ஸ்வான்ஸன் கம்பெனி வான்கோழி வியாபாரத்தில் பெரிய புள்ளி. ஒரு வருஷம் பண்டிகைக்கென்று தருவித்ததில் 260 டன் மிஞ்சிவிட்டதாம். பத்துக் குளிர்ப் பெட்டிகளில் ஏற்றியாயிற்று. ரயில் ஓடினால்தான் பெட்டி குளிரும். ஆகவே வான்கோழிகள் அமெரிக்காவின் குறுக்கே போவதும் வருவதுமாக இருந்தன. அப்போதுதான் விற்பனையாளர் ஜெர்ரி தாமஸுக்குத் தட்டு யோசனை உதித்தது. இது அவரே சொன்ன கதை. ஸ்வான்ஸன் குடும்பத்தார் மறுத்தார்கள். கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்த ரயிலை விட மனம் வரவில்லை. ஆனால் சரித்திரம் வேறு மாதிரி. 1945-லேயே மாக்ஸன் என்ற கம்பெனி விமானப் பிரயாணிகளுக்காக உறைந்த சாப்பாட்டைத் தட்டில் கொடுத்தது. 1949-ல் பிட்ஸ்பர்கில் பெர்ன்ஸ்டைன் சகோதரர்கள் அலுமினியத் தட்டிலேயே விற்றார்கள். ஸ்வான்ஸன் செய்தது, 'டி.வி. டின்னர்' என்று ஒரு பெயர் சூட்டியது. பெயர்தான் விற்றது.

தட்டில் மூன்று குழிகள். ஒன்றில் சோள ரொட்டித் தூளால் செய்த பூரணத்தின்மேல் வான்கோழித் துண்டுகளும் குழம்பும்; ஒன்றில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு; ஒன்றில் பச்சைப் பட்டாணி. விலை 98 சென்ட். அடுப்பில் 425 டிகிரி பாரன்ஹீட்டில் 25 நிமிஷம். கேட்கச் சுலபம், ஆனால் இறைச்சி சூடேறுவதற்குள் பட்டாணி சுருங்கிவிடக் கூடாது, பட்டாணிக்காக இறைச்சியைப் பாதி உறைந்தபடி எடுக்கவும் முடியாது. மூன்றும் ஒரே நிமிஷத்தில் பதத்துக்கு வர வேண்டும். இதற்காகப் பாடுபட்டவர்களில் பெட்டி க்ரோனின் என்ற பாக்டீரியா நிபுணர் முக்கியமானவர். நாலு அடுப்பு வைத்துச் சமைக்கிறவர்களுக்கு இந்தச் சிரமம் புரியும். நாடெங்கும் விற்ற முதல் வருஷத்திலேயே ஒரு கோடித் தட்டுகள் போயின.

விளம்பரங்களில் குடும்பம் குடும்பமாகத்தான் சாப்பிட்டார்கள். ஆனால் அந்தத் தட்டுக்குப் பகிர்ந்து கொடுக்கத் தெரியாது. அது ஓர் ஆளுக்கு அளந்தது. 1950-ல் அமெரிக்காவில் நூறு வீடுகளில் ஏறக்குறைய ஒன்பதில்தான் ஒருவர் தனியாக இருந்தார். 2020-ல் அது கால் பங்குக்கும் மேல். மனைவியை இழந்த கிழவரும், ஊருக்குப் போக ரயில் செலவில்லாத குமாஸ்தாவும் பண்டிகையன்று ரொட்டியும் வெண்ணெயுமாகப் பொழுதைக் கழித்திருப்பார்கள். அவர்களுக்கு அலுமினியத்திலாவது வான்கோழியும் பூரணமும் கிடைத்ததைப் பரிகசிக்க எனக்கு மனம் இல்லை. சமையல் சுமார்தான் என்று ருசித்தவர்கள் சொல்கிறார்கள், சொல்லட்டும்.

1960-ல் நாலாவது குழி தோண்டி இனிப்பு வைத்தார்கள். 1986-ல், மைக்ரோவேவ் அடுப்புக்காகப் பிளாஸ்டிக் தட்டு வந்தது. பழைய அலுமினியத் தட்டு ஒன்று இப்போது வாஷிங்டன் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையின் சேகரிப்பில் இருக்கிறது. கழுவித்தான் வைத்திருப்பார்கள்.