உகாண்டாவின் மெலிவு நோயும் டாசோ அமைப்பும்

உகாண்டாவில் எய்ட்ஸ் முதலில் அறியப்பட்டது மருத்துவப் பெயரால் அன்று. விக்டோரியா ஏரியை ஒட்டிய ராக்காய் மாவட்டத்தில் 1980களின் தொடக்கத்தில் பலர் உடல் இளைத்து இறந்தனர். மக்கள் அதை ‘ஸ்லிம்’, அதாவது மெலிவு நோய் என்று அழைத்தனர். அந்நோய்க்கும் பின்னாளில் எச்.ஐ.வி. எனப் பெயரிடப்பட்ட வைரசுக்கும் தொடர்பு உண்டு என்பதை 1985இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது.

மெலிவுக்குக் காரணங்கள் பல. வாய்ப்புண்ணால் உண்ண முடியாது. நீடித்த வயிற்றுப்போக்கால் உண்டதும் உடலில் சேராது. நோயை எதிர்க்க உடலுக்குக் கூடுதல் ஆற்றலும் தேவை. உழுது பிழைப்பவர் படுத்துவிட்டால், வீட்டில் இருந்த உணவும் குறைந்தது.

கணவரை எய்ட்ஸ் நோய்க்குப் பறிகொடுத்த இயன்முறை மருத்துவர் நொயரின் கலீபா, 1987இல் கம்பாலாவில் வேறு சிலருடன் சேர்ந்து டாசோ என்னும் ஆதரவு அமைப்பைத் தொடங்கினார். தொடங்கியவர்களில் பலர் தாமே தொற்றுடன் வாழ்ந்தவர்கள். அண்டை அயலார் ஒதுக்கிய காலத்தில் அவர்கள் ஒன்றுகூடிப் பேசினர்; நோயாளிகளுக்கு மனந்தேற்றும் ஆலோசனை அளித்தனர்; வீடு தேடிச் சென்றனர். உடன்வரும் நோய்களுக்கு மருத்துவமும், வறியோர்க்கு உணவு உதவியும் அவர்களது பணியில் அடங்கின. வைரசைக் கட்டுப்படுத்தும் மருந்து எட்டாதிருந்த அந்நாளில் உணவும் துணையுமே பலருக்குக் கிடைத்த ஆதரவு.

உணவின் தேவையை உலக சுகாதார நிறுவனம் 2003இல் அளவிட்டுக் கூறியது. அறிகுறி இல்லாத தொற்றாளருக்கு ஆற்றல் தேவை சுமார் 10 விழுக்காடும், அறிகுறி உள்ள பெரியவர்களுக்கு 20 முதல் 30 விழுக்காடும், எடை குறையும் குழந்தைகளுக்கு 50 முதல் 100 விழுக்காடும் கூடுகிறது.

2004இல் உகாண்டா அரசு கூட்டு மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. ஆயினும் பழைய பணி தேவையற்றதாகிவிடவில்லை. உடல் தேறும்போது பசி மிகும். வெறும் வயிற்றில் மருந்து உட்கொள்ள அஞ்சி நிறுத்துவோரும் உண்டு. மருத்துவமனைக்குச் செல்லும் பயணச் செலவும் ஏழைகளுக்குத் தடையாக இருந்தது. ஜின்ஜா நகரில் டாசோவின் களப்பணியாளர்கள் மோட்டார் சைக்கிளில் வீடுகளுக்கே மருந்து கொண்டு சென்றனர். அம்முறையின் பயன் மருத்துவமனைச் சிகிச்சைக்குக் குறைந்ததன்று என்பதை 2009இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது.

மருந்து இல்லாத காலத்தில் வீடு தேடிச் சென்று பழகிய அமைப்பு, மருந்து வந்தபோது அதை வீடுவரை கொண்டு சேர்க்கும் வழியாயிற்று.