ஊர் துரத்திய எழுதுகோல்: ஐடா வெல்ஸ் அம்மையார்

அமெரிக்காவின் தென்பகுதியில், மெம்பிஸ் நகரத்துப் புகைவண்டி ஒன்றில், பெண்களுக்குரிய முதல் வகுப்புப் பெட்டியில் இருபத்தொரு வயது ஆசிரியை ஒருவர் அமர்ந்திருந்தார். உரிய பயணச்சீட்டு அவர் கையில் இருந்தது. ஆயினும் அவர் கறுப்பினப் பெண். புகை பிடிப்போர் நிறைந்த முன்பெட்டிக்குப் போகுமாறு நடத்துநர் ஆணையிட்டார். மறுக்கவே, கையைப் பற்றி இழுத்தார். அப்பெண் அந்தக் கையைக் கடித்துவிட்டார். பின்னர் மூன்று ஆடவர் சேர்ந்து அவரை வெளியேற்றினர். பெட்டியிலிருந்த வெள்ளையர் கைதட்டி மகிழ்ந்தனர். அவரோ புகைவண்டி நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். 1884இல் கீழ்நீதிமன்றம் அவருக்கு 500 டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. 1887இல் மாநில உச்ச நீதிமன்றம் அதனை மாற்றி, செலவுத்தொகையையும் அவர் தலைமீதே சுமத்தியது.

அவர்தாம் ஐடா பி. வெல்ஸ். 1862ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16ஆம் நாள் மிசிசிப்பி மாநிலத்து ஹாலி ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் அடிமையாகவே பிறந்தவர். தந்தையார் தச்சர், தாயார் சமையல் வேலை செய்தவர். விடுதலை பெற்றபின், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய அத்தாய் தாமும் உடன் சென்று, விவிலியம் வாசிக்கும் அளவுக்கு எழுத்தறிவு பெற்றார். 1878இல் பரவிய மஞ்சள் காய்ச்சல் தாய், தந்தை, கைக்குழந்தையான தம்பி ஆகிய மூவரையும் கொண்டுபோயிற்று. எஞ்சிய பிள்ளைகளை ஆளுக்கொருவராகப் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் கூடிப் பேசியபோது, பதினாறு வயது ஐடா அதற்கு உடன்படவில்லை. மாதம் 25 டாலர் ஊதியத்தில் கிராமப் பள்ளி ஆசிரியையானார். கோவேறு கழுதைமேல் போய்வந்து உடன்பிறந்தோரைக் காத்தார்.

மெம்பிஸுக்குக் குடிபெயர்ந்தபின் 'அயோலா' என்ற புனைபெயரில் எழுதத் தொடங்கினார். 1889இல் 'பிரீ ஸ்பீச்' என்னும் இதழில் பங்குதாரராகவும் ஆசிரியராகவும் ஆனார். கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட பள்ளிகளின் இழிநிலையை அவ்விதழில் வெளிப்படையாக எழுதினார். 1891இல் பள்ளி வாரியம் அவரை வேலையைவிட்டு நீக்கியது. மாதச் சம்பளம் போயிற்று. பிறகு ஊர் ஊராகச் சென்று இதழுக்குச் சந்தாதாரர்களைத் திரட்டினார். எழுத்தறியாதவர்களும் அவ்விதழைக் கேட்டு வாங்கினர். வேறு தாளைக் கொடுத்து அவர்களை ஏமாற்றுகிறார்கள் என்று அறிந்து, இளஞ்சிவப்புத் தாளில் அதனை அச்சிட்டார். தாமே படிக்க இயலாத மக்கள் காசு கொடுத்து வாங்கி, பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்ட இதழ் அது.

1892ஆம் ஆண்டு அவர் வாழ்வை இரண்டாகப் பிளந்தது. தாமஸ் மாஸ் என்னும் தபால்காரர், நண்பர்களோடு கூட்டாக 'மக்கள் மளிகைக்கடை' என்ற கடையை நடத்திவந்தார். அவர் மகளுக்கு ஐடா ஞானத்தாய். எதிரே கடை வைத்திருந்த வெள்ளையருக்கு வியாபாரம் குறைந்தது, அதுவே பகையாயிற்று. ஓரிரவு ஆயுதத்துடன் சிலர் கடைக்குள் நுழைய, உள்ளிருந்தோர் காவலுக்காகச் சுட்டனர். மூன்று வெள்ளையர் காயமுற்றனர். மாஸும் அவர் தோழர்களான கால்வின் மெக்டோவல், வில் ஸ்டூவர்ட் ஆகியோரும் சிறையிலிடப்பட்டனர். மார்ச் 9ஆம் நாள் விடியுமுன் முகமூடிக் கும்பல் அவர்களைச் சிறையிலிருந்து இழுத்துச் சென்று, ஊருக்கு வெளியே சுட்டுக் கொன்றது. கடையும் சூறையாடப்பட்டது.

நீதிமன்ற விசாரணையின்றிக் கும்பல் கூடிக் கொல்லும் இக்கொடுமை தென்மாநிலங்களில் அன்றாடச் செய்தியாக இருந்தது. கொல்லப்பட்டவன் வெள்ளைப் பெண்ணைக் கெடுத்தவன் என்பதே எப்போதும் சொல்லப்பட்ட காரணம். அதுவரை தாமும் அக்காரணத்தை ஓரளவு நம்பியிருந்ததாக ஐடா பிற்காலத்தில் ஒளிவுமறைவின்றி எழுதியுள்ளார். இந்த ஒப்புதலை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் மாஸ் எந்தப் பெண்ணையும் ஏறிட்டுப் பார்த்தவரல்லர். அவர் செய்த குற்றம் மளிகைக்கடையில் இலாபம் பார்த்தது ஒன்றே. அப்படியானால் மற்றவர்கள் செய்த குற்றந்தான் என்ன? ஐடா விசாரிக்கத் தொடங்கினார்.

உயிருக்குப் பாதுகாப்பில்லாத நகரத்தைவிட்டு வெளியேறுங்கள் என்று அவர் இதழில் எழுதினார். ஆயிரக்கணக்கானோர் மேற்கே ஓக்லஹோமா பக்கம் புறப்பட்டனர். டிராம் வண்டியில் ஏறுவதையும் மக்கள் நிறுத்தினர். ஆறு வாரத்தில் வண்டி நிறுவன அதிகாரிகள் அவரது அலுவலகத்துக்கே வந்து, மக்களை மீண்டும் ஏறச் சொல்லும்படி கேட்டுக்கொண்டனர்! தாழ்த்தப்பட்டோரின் செப்புக்காசுக்கு இருந்த வலிமையை அன்று இரு தரப்பாருமே அறிந்தனர். ஐடா ஒரு கைத்துப்பாக்கியும் வாங்கி வைத்துக்கொண்டார்.

மே 21ஆம் நாள் இதழில் ஆசிரியவுரை ஒன்று வெளிவந்தது. கற்பழிப்பு என்னும் பழைய பொய்யை இனி எவரும் நம்பார். அதனையே சொல்லிக்கொண்டிருந்தால் வெள்ளைப் பெண்களின் நற்பெயர்தான் கெடும் என்பது அதன் சாரம். இருதரப்பார் விருப்பத்தோடு நிகழ்ந்த உறவுகளும் குற்றமாக்கப்பட்டன என்னும் உண்மையே அதில் உறைந்திருந்தது. மே 27இல் கும்பல் அலுவலகத்தைச் சூறையாடி அச்சுச் சாதனங்களை அழித்தது. அப்போது ஐடா வடக்கே பயணத்தில் இருந்தார். திரும்பி வந்தால் உயிர் தப்பாது என்ற செய்தி அவரை எட்டியது.

அவர் நியூயார்க்கில் தங்கி 'நியூயார்க் ஏஜ்' இதழில் எழுதினார். அவ்வாண்டே ஒரு சிறுநூலும், 1895இல் 'ரெட் ரெக்கார்டு' என்னும் விரிவான நூலும் வெளியிட்டார். அவர் கையாண்ட முறை இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. கறுப்பினத்தார் சொல்வதை நாடு நம்பாது என்பதை அவர் அறிவார். ஆகவே கணக்கை வெள்ளையரின் ஏடான 'சிக்காகோ டிரிப்யூன்' வெளியிட்ட பட்டியல்களிலிருந்தே எடுத்தார். எட்டு ஆண்டுகளில் கொல்லப்பட்ட 728 கறுப்பினத்தாருள் மூன்றிலொரு பங்கினர்மீதுதான் அந்தப் பழியாவது சுமத்தப்பட்டிருந்தது. மெய்ப்பிக்கப்பட்டது வேறு பேச்சு. எஞ்சியோர் சொற்தகராறு, கடன் பிணக்கு போன்றவற்றுக்காக மாண்டவர்கள்.

1893இலும் 1894இலும் பிரிட்டனில் சொற்பொழிவாற்றினார். அவரை முதலில் அழைத்தவருள் ஒருவர் காதரின் இம்பி என்னும் ஆங்கிலப் பெண்மணி. அவர் 1888 முதல் நடத்திவந்த இதழின் பெயர் 'ஆன்ட்டி-காஸ்ட்'; சாதி எதிர்ப்பு என்பதே அதன் பொருள். நிறவெறிக்கும் சாதிக்கும் உள்ள உறவை அக்காலத்திலேயே சிலர் கண்டுகொண்டனர்.

1895இல் வழக்கறிஞர் பெர்டினண்ட் பார்னெட் அவர்களை மணந்து சிக்காகோவில் வாழ்ந்தார். நான்கு பிள்ளைகளைப் பெற்றார். கைக்குழந்தையோடும் கூட்டங்களுக்குச் சென்றார். 1909இல் கறுப்பின முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் உருவாகையில், நாற்பதின்மர் குழுவின் பட்டியலில் அவர் பெயர் விடப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பின்னரே சேர்க்கப்பட்டது. கடுஞ்சொல்லர், இணங்கிப் போகாதவர் என்று தம்மவரே அவரைக் குறைகூறினர். குறையில் உண்மையும் உண்டு. ஆனால் இணங்கிப் போகிறவராயிருந்தால் புகைவண்டியிலேயே எழுந்து போயிருப்பார் அல்லவா? 1913இல் வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில், கறுப்பினப் பெண்கள் பின்வரிசையில் வருமாறு சொல்லப்பட்டபோது, வழியில் காத்திருந்து தம் மாநிலத்து அணியினுள்ளேயே புகுந்து நடந்தார்.

1919இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பருத்திக்கு நியாய விலை கேட்டுச் சங்கம் அமைத்த குத்தகை உழவர்கள் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் தப்ப, உழவர் பன்னிருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பதாண்டு கால்வைக்காத தென்னாட்டுக்கு ஐடா சென்றார். கைதிகளின் உறவினர்போல் சிறைக்குள் நுழைந்து வாக்குமூலங்களைப் பெற்று அச்சிட்டார். 1923இல் உச்ச நீதிமன்றம் அவர்களுள் அறுவர் பக்கம் தீர்ப்பளித்தது. நாளடைவில் பன்னிருவரும் விடுதலையாயினர். அவர்களுள் ஒருவர் பின்னர் சிக்காகோவில் ஐடாவின் வீட்டுக் கதவைத் தட்டி நன்றி கூறிச் சென்றார்.

1931ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் அவர் காலமானார். கும்பல் கொலையைக் கூட்டரசுக் குற்றமாக்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது 2022இல்தான். அவர் எழுதிவந்த தன்வரலாற்றை மகள் ஆல்பிரெடா பதிப்பித்து 1970இல் வெளியிட்டார். அக்கையெழுத்துப்படி கடைசிப் பக்கத்தில் ஒரு சொல்லின் நடுவிலேயே நின்றுவிட்டிருக்கிறது.