கதரும் கள்ளக் கதரும்

வாணிகத்தின் இலக்கணத்தை வள்ளுவர் பொருட்பாலில் கூறவில்லை. அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தில் கூறினார். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகர்க்கு அழகு என்பது அவர் துணிபு. மக்கள் போற்றும் ஓர் அரசியற் கொள்கையும் அவ்வாறு பேணத்தக்க பொருளே. அதன் சின்னத்தை விற்று ஊதியம் ஈட்டலாமா என்னும் வினாவுக்குக் கதரின் வரலாறு விடை பகர்கின்றது.

கையால் நூற்றுக் கைத்தறியில் நெய்த கதரை அணிவதே இந்திய விடுதலைப் போரில் ஓர் அறிவிப்பாக விளங்கியது. மக்கள் மனம் அதன்பால் சென்றதும், ஆலையினர் சிலர் முரட்டுத் துணி நெய்து, ‘கதர்’ என்று முத்திரையிட்டு விற்றனர். சிற்றூர்ப் பெண்ணின் இராட்டைக்குச் சேரவேண்டிய காசு ஆலையின் பெட்டிக்குச் சென்றது. இதனைத் தடுக்க 1934ஆம் ஆண்டில் கதர்ப் பெயர்ப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. இந்தியாவில் கையால் நூற்ற பருத்தி நூலால், இந்தியக் கைத்தறியில் நெய்த துணியே அப்பெயருக்கு உரியது என அது வரையறுத்தது. எந்த ஆட்சியை எதிர்த்துக் கதர் எழுந்ததோ, அந்த ஆட்சியின் சட்டமே அதன் பெயரைக் காத்தது விந்தையன்றோ!

சட்டம் பெயரைக் காத்தது, கூலியைக் காக்கவில்லை. உண்மைக் கதரிலும் நூற்றவள் பெற்றது சில காசுகளே. ஆகவே, 1925இல் தோன்றிய அகில இந்திய சர்க்கா சங்கம், காந்தியடிகளின் வற்புறுத்தலால், 1935இல் நூற்போர் கூலியை உயர்த்தத் தீர்மானித்தது. கூலி உயர்ந்தால் விலை உயரும்; ஏழை வாங்க இயலாது. இதனை அடிகள் அறியாதவர் அல்லர். கதர் வாங்க வழியற்ற ஏழையரை எண்ணியே அவர் 1921இல் மதுரையில் அரையாடை பூண்டார். எனினும், உழைப்பவள் வயிற்றில் அடித்து விற்கும் கதர் கதராகாது என அவர் கருதினார்.

மலாயாத் தமிழர்க்கும் இவ்வினா புதிதன்று. 1943இல் சிங்கப்பூர் வந்து இயக்கத் தலைமையேற்ற நேதாஜிக்குச் சூட்டப்பட்ட மாலைகள் பொதுக்கூட்டங்களில் ஏலமிடப்பட்டன. வாடும் பூவுக்கு மக்கள் பெரும்பொருள் ஈந்தனர். அப்பொருள் விடுதலைப் படையின் நிதிக்கு என்பதை அறிந்தே ஈந்தனர். தோட்டப் பாட்டாளிகளும் தம் சிறுசேமிப்பை அந்நிதிக்கு வழங்கினர்.

ஆகவே, சின்னத்தை விற்பது குற்றமன்று. செய்தவர்க்கு உரிய கூலியை மறுப்பதும், கொள்கைக்கு எனச் சொல்லித் தன் பைக்குச் சேர்ப்பதுமே குற்றம். கோலா கிளாவாங் வட்டாரத் தோட்டங்களில் வளரும் நம் மாணவர், தலைவர் படமோ கொடியோ வாங்கும்போது, இதைச் செய்தவர் யார், இக்காசு எவரைச் சேரும் என்னும் இரு வினாக்களைக் கேட்கப் பழகுவாராக. அவ்வாறு பழக்குதல் ஆசிரியர் கடன்.